தாதிமை இல்லத்தை எதை வைத்து எடைபோடுவது? சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு ஒரு விளக்கம்

பெற்றோரைத் தாதிமை இல்லத்தில் சேர்ப்பது பற்றிப் பல குடும்பங்கள் முதன்முதலாகப் பேசுவதே மருத்துவமனை வார்டில்தான். பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு, நிமோனியா என ஏதோ ஒன்று வந்து, சிகிச்சை முடியும் தறுவாயில் மருத்துவச் சமூக ஊழியர் வந்து கேட்பார்: "வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்களா, இல்லை இல்லத்துக்கு விண்ணப்பிக்கலாமா?" பதில் சொல்லச் சில நாள்கள்தான் கிடைக்கும். அந்த அவசரத்தில் நர்சிங் ஹோம் எனப்படும் தாதிமை இல்லம், அசிஸ்டட் லிவிங் எனப்படும் உதவி வாழ்விடம், வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் சமூகப் பராமரிப்பு வீடு எல்லாம் ஒன்றாகக் குழம்பிப்போகின்றன. இவை மூன்றும் வேறு வேறு. சட்டம், கட்டணம், எதிர்பார்க்கக்கூடிய உதவி எல்லாமே மாறும்.

இல்லம் நல்லதா என்பதைக் கட்டடமோ விளம்பரமோ சொல்லாது. ஒரு முதியவர் உதவி கேட்டால், குறிப்பாக இரவில் கேட்டால், எவ்வளவு நேரத்தில் யார் வருகிறார் என்பதுதான் சொல்லும். கீழே உள்ள பெரும்பாலான கேள்விகள் இந்த ஒன்றைச் சுற்றியே வருகின்றன.

எவ்வளவு உதவி தேவை?

இல்லங்களைத் தேடுவதற்கு முன் முதியவரின் தேவையை அளக்க வேண்டும். சிங்கப்பூரில் இதற்கு அடிப்படை, ஆறு அன்றாடச் செயல்கள்:

1. குளிப்பது
2. உடுத்துவது
3. சாப்பிடுவது
4. கழிப்பறைத் தேவையைக் கவனித்துக்கொள்வது
5. நடமாடுவது
6. படுக்கையிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து படுக்கைக்கும் மாறுவது

இவற்றில் மூன்றையோ அதற்கு மேலோ பிறர் உதவியின்றிச் செய்ய முடியாதவர் 'கடுமையான உடற்குறை' உள்ளவராகக் கருதப்படுவார். கேர்ஷீல்டு லைஃப் போன்ற காப்புறுதித் திட்டங்கள் பணம் தருவதும் இந்த அளவுகோலை வைத்துத்தான்.

தாதிமை இல்லச் சேர்க்கைக்குத் தனி மதிப்பீட்டுப் படிவம் ஒன்று உண்டு. நடமாட்டம், உணவு, கழிப்பறைத் தேவை, மனநிலை, நடத்தை ஆகியவற்றுக்குப் புள்ளி போட்டு முதியவரை நான்கு வகைகளில் ஒன்றில் சேர்ப்பார்கள். முதல் வகையினர் ஏறக்குறைய தாமாகவே இயங்கக்கூடியவர்கள். நான்காம் வகையினர் முழுக்கப் பிறரைச் சார்ந்தவர்கள். அரசாங்க மானியமுள்ள இல்லங்கள் பெரும்பாலும் மூன்றாம், நான்காம் வகையினரையே ஏற்கின்றன. வீட்டில் பார்ப்பதற்கான வேறு வழிகளை முயன்றும் முடியவில்லை என்பதும் ஒரு நிபந்தனை.

நன்றாக நடப்பார், தானே சாப்பிடுவார், ஆனால் அடுப்பை அணைக்க மறப்பார், இரவில் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுவார். இப்படி இடையில் மாட்டிக்கொள்பவர்கள் பலர். தொடக்கநிலை டிமென்ஷியா (மறதிநோய்) உள்ள இவர்களுக்கு மானிய இல்லத்தில் இடம் கிடைப்பது கடினம், பல சமயம் அது தேவையும் இல்லை. பகல்நேரப் பராமரிப்பு நிலையம், பணிப்பெண், உதவி வாழ்விடம் ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

முதியவர் வீட்டில் இருந்தால் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு குறிப்பு எழுதிவையுங்கள். எத்தனை மணிக்கு, எதற்கு, யார் உதவினார்கள் என்று எழுதினால் போதும். இரவு இரண்டு மணிக்கு எழுப்பியதையும் விட்டுவிடக் கூடாது. மதிப்பீட்டுக்கு வருபவர் கேட்கும்போது "அம்மா நல்லாத்தான் இருக்காங்க" என்று சொல்லிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்தக் கௌரவத்தால் தேவை குறைவாகப் பதிவாகிவிடும்.

மூன்று வகை இடங்கள்

*தாதிமை இல்லம்.* 24 மணி நேரத் தாதியர் பராமரிப்பு தரும் இடம். 2020இல் இயற்றப்பட்ட சுகாதாரப் பராமரிப்புச் சேவைகள் சட்டத்தின்கீழ் சுகாதார அமைச்சின் உரிமம் கட்டாயம். அறநிறுவனங்கள் நடத்துபவை, தனியார் நடத்துபவை, அரசாங்கமே கட்டி நடத்துநரிடம் ஒப்படைப்பவை என்று பல உண்டு. சில தனியார் இல்லங்களிலும் மானியப் படுக்கைகள் இருக்கின்றன. ஆகவே 'தனியார் என்றால் முழுக்கட்டணம்' என்று கேட்காமலே முடிவு கட்ட வேண்டாம்.

இவற்றின் தரத்துக்கான அளவுகோல் எழுத்தில் மேம்படுத்தப்பட்டது அண்மைக்காலத்தில்தான். 2011இல் ஓர் இல்லத்தில் மூதாட்டி ஒருவரை ஊழியர் அடிக்கும் காணொளி தொலைக்காட்சியில் வெளியாகி நாட்டையே உலுக்கியது. அந்த இல்லம் புதியவர்களைச் சேர்ப்பதற்கு அமைச்சு தடை போட்டது. 2015 ஏப்ரலில் நடப்புக்கு வந்த மேம்படுத்தப்பட்ட தாதிமை இல்லத் தரநிலைகள் மருத்துவப் பராமரிப்பு, சமூகப் பராமரிப்பு, நிர்வாகம் என்ற மூன்று பிரிவுகளில் இல்லங்கள் எட்ட வேண்டியதை வகுத்தன. மரியாதை, தனியுரிமை, கட்டிவைக்காமல் பராமரிப்பது ஆகியவையும் அதில் அடக்கம். எனவே இவற்றைப் பற்றி நீங்கள் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

*தனியார் உதவி வாழ்விடம்.* தனி அறை அல்லது பகிர்ந்த அறை, சாப்பாடு, துப்புரவு, குளிக்க உடுத்த உதவி, நடவடிக்கைகள் கிடைக்கும். சில பார்ப்பதற்கு ஹோட்டல் போலவே இருக்கும். தாதிமைச் சேவை வழங்காதவரை இவற்றுக்குத் தாதிமை இல்ல உரிமம் தேவையில்லை. அந்தத் தரநிலைகளும் கட்டுப்படுத்தாது. மோசமானவை என்று பொருளில்லை. ஆனால் சோதனை செய்யும் பொறுப்பு உங்கள் தலையில் விழுகிறது. கட்டாயம் கேட்க வேண்டிய ஒன்று: "அப்பா படுத்த படுக்கையாகிவிட்டால், மூக்குக்குழாய் வழியாக உணவு கொடுக்கும் நிலை வந்தால், இங்கேயே வைத்துக்கொள்வீர்களா?" முடியாது என்றால் இன்னோர் இடமாற்றத்துக்கும் தயாராகத்தான் இங்கே சேர்க்க வேண்டும்.

*சமூகப் பராமரிப்பு வீடு.* வீவகவும் சுகாதார அமைச்சும் சேர்ந்து கொண்டுவந்தது. முதலாவது 2021இல் புக்கிட் பாத்தோக்கில் விற்பனைக்கு வந்தது, பிறகு குவீன்ஸ்வே, பிடோக் என்று தொடர்ந்தது. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கானது. ஏறத்தாழ 32 சதுர மீட்டர் வீடு, 15 முதல் 35 ஆண்டு வரையிலான குத்தகை, கூடவே கட்டாய அடிப்படைச் சேவைத் தொகுப்பு. அவசர அழைப்புக் கண்காணிப்பு, எளிய உடல்நலச் சோதனை, சிறு பழுதுபார்ப்பு, வளாகத்தில் ஒரு நிர்வாகி ஆகியவை தொகுப்பில் வரும். வெளிச்சந்தையில் விற்க முடியாது, வீவகவிடமே திருப்பித் தர வேண்டும். புது வீடுகளைப்போல இதற்கும் கட்டி முடியக் காத்திருக்க வேண்டும். அடுத்த மாதம் இடம் தேவைப்படும் குடும்பத்துக்கு இது விடையாகாது. உடல் தெம்பாக இருக்கும்போதே திட்டமிடும் எழுபது வயதுக்காரருக்குத்தான் இது பொருந்தும்.

இடம் கேட்பது எப்படி

மானிய இடத்துக்கு நேராக இல்லத்தின் கதவைத் தட்டிப் பயனில்லை. எல்லாரும் ஏஐசி என்று சொல்லும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு வழியாகத்தான் போக வேண்டும். மருத்துவமனையில் இருந்தால் சமூக ஊழியர் விண்ணப்பிப்பார். வீட்டில் இருந்தால் பலதுறை மருந்தகமோ குடும்ப மருத்துவரோ வழிகாட்டுவார்கள், 1800-650-6060 என்ற எண்ணில் ஏஐசியையும் அழைக்கலாம். வட்டாரம், உணவு, மொழி என்று விருப்பங்களைச் சொல்லலாம். நினைத்த இல்லம் வேண்டுமென்றால் காத்திருப்பு நீளலாம். முழுக்கட்டணம் தரும் தனியார் இடங்களுக்கு நேரடியாகவே போகலாம்.

காத்திருக்கும் காலத்தை வீணாக்க வேண்டாம். பல இல்லங்களில் குறுகியகாலத் தங்கல் உண்டு. ஒரு வாரம் முதல் ஒரு மாதம் வரை முதியவரை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். பராமரிப்பவர் ஓய்வெடுப்பதற்காக வந்த ஏற்பாடு இது. ஓர் இல்லத்தை உள்ளிருந்து பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது என்பேன்.

நேரில் போகும்போது

வேலைநாள் காலை பத்து மணிக்கு ஏற்பாடு செய்யும் சுற்றிக்காட்டலில் எல்லா இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். அனுமதி கேட்டு இரண்டாம் முறை சாப்பாட்டு நேரத்திலோ மாலை ஆறு மணிக்குப் பிறகோ ஞாயிற்றுக்கிழமையோ போங்கள். வருகை நேரம் எவ்வளவு தாராளமாக இருக்கிறது என்பதே ஒரு தகவல்தான்.

1. அழைப்பு மணி. ஒரு மூலையில் நின்று கவனியுங்கள். யாராவது மணி அடித்தால், "தாதி, தாதி" என்று கூப்பிட்டால், எவ்வளவு நேரம் கழித்து ஆள் வருகிறார்? வருபவர் அவர் பெயரைச் சொல்லிப் பேசுகிறாரா, பேசாமலே வேலையை முடித்துவிட்டுப் போகிறாரா? மணி கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சில இடங்களில் அது படுக்கைக்குப் பின்னால் சுவரில் பத்திரமாகத் தொங்கும்.

2. இரவுப் பணி. "இரவில் இந்தத் தளத்தில் எத்தனை பேர், அவர்களில் பதிவுபெற்ற தாதி எத்தனை பேர், ஒருவர் விடுப்பு எடுத்தால் யார் வருவார்?" சராசரிக் கணக்கைச் சொன்னால் ஏற்காதீர்கள். பகலையும் இரவையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் எந்த எண்ணும் அழகாகத் தெரியும்.

3. படுக்கைப்புண். அசையாமல் படுத்திருப்பவரின் இடுப்பு, குதிகால் போன்ற இடங்களில் ரத்த ஓட்டம் தடைப்பட்டு தோல் சிதைவதே படுக்கைப்புண். ஏறக்குறைய இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைப்பது வழக்கமான தடுப்புமுறை. புரட்டியதைப் பதிவு செய்யும் தாளையோ கணினிப் பதிவையோ காட்டச் சொல்லுங்கள். "இங்கே வந்த பிறகு புண் வந்தவர்கள் இப்போது எத்தனை பேர்?" என்று கேளுங்கள். ஒருவரும் இல்லை என்று சட்டென வரும் பதிலைவிட, ஓர் எண்ணும் அதற்கு என்ன செய்கிறார்கள் என்ற விளக்கமும் அதிக நம்பிக்கை தரும்.

4. சாப்பாட்டு நேரம். ஊட்டிவிடும் ஊழியர் ஒருவர் ஒரே சமயத்தில் எத்தனை பேரைப் பார்க்கிறார்? விழுங்கச் சிரமப்படுபவருக்கு அவசரமாக ஊட்டினால் உணவு மூச்சுக்குழாயில் போய் நிமோனியா வரும். சாப்பிடாமல் தட்டு திரும்பிப் போனால் குறித்துவைக்கிறார்களா? எடையை மாதந்தோறும் பார்க்கிறார்களா? பராமரிப்பு சறுக்குவதை முதலில் காட்டிக்கொடுப்பது எடைதான்.

5. கட்டிவைத்தல். நாற்காலியில் மேசைத்தட்டைப் பூட்டுவது, இடுப்புப் பட்டை, கையுறை எல்லாமே கட்டுப்பாடுதான். எப்போது, யார் ஒப்புதலோடு, எவ்வளவு நேரம், எப்போது மறுபரிசீலனை என்று கேளுங்கள். 'விழாமல் இருக்கத்தான்' என்ற ஒற்றைப் பதில் போதாது.

6. வாடை. டயாப்பர் மாற்றும் நேரத்தில் வாடை வருவது இயல்பு. எந்த நேரம் போனாலும் நடைவழி முழுக்க இருந்தால்தான் பிரச்சினை.

7. மருத்துவர். எத்தனை நாளுக்கொருமுறை வருகிறார், நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் யாரை அழைப்பார்கள், மருத்துவமனைக்கு யார் கூடப் போவார்கள்?

ஊழியர்களிடமும் பேச்சுக்கொடுங்கள். "இங்கே எத்தனை வருஷமா இருக்கீங்க?" என்பது சாதாரண விசாரிப்பு, ஆனால் நாலைந்து பேரிடம் கேட்டால் அந்த இல்லத்தின் கதை தெரிந்துவிடும். பராமரிப்பு ஊழியர்களில் பெரும்பாலோர் பிலிப்பீன்ஸ், மியன்மார், இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்கள் அடிக்கடி மாறும் இடத்தில் முதியவரின் பழக்கவழக்கம் யாருக்கும் மனப்பாடமாகாது.

தமிழ் முதியவருக்கு மட்டும் உரிய கேள்விகள்

பொதுவான பட்டியல்களில் இது விடுபட்டுப்போகும். டிமென்ஷியா முற்றும்போது பலருக்குப் பிறகு கற்ற மொழிகள் முதலில் நழுவும், தாய்மொழி நெடுநாள் நிற்கும். நாற்பது ஆண்டு ஆங்கிலத்தில் வேலை பார்த்தவர்கூட வலியைத் தமிழில் மட்டும் சொல்லும் நிலைக்கு வரலாம். வலிக்கிறது என்பதைச் சொல்ல முடியாதவர் கத்துவார், கையை ஓங்குவார். அது 'நடத்தைப் பிரச்சினை' என்று பதிவாகும். ஆகவே ஒவ்வொரு பணிமுறையிலும் தமிழ் பேசும் ஊழியர் ஒருவராவது இருக்கிறாரா என்பது மருத்துவக் கேள்வியே.

தமிழ் ஊழியர் இல்லாவிட்டாலும் ஒரு வழி உண்டு. பழைய தலைமுறைத் தமிழர் பலருக்குச் சந்தை மலாய் சரளம். மலாய் பேசும் ஊழியரோ பக்கத்துப் படுக்கைக்காரரோ இருந்தால் பேச்சுத்துணைக்குப் பஞ்சமிருக்காது. வலி, தண்ணீர், கழிப்பறை, குளிர், பயம் போன்ற இருபது முப்பது சொற்களைத் தமிழிலும் ஆங்கில ஒலிப்பிலும் எழுதிப் படுக்கையருகே ஒட்டிவைப்பதையும் நல்ல இல்லங்கள் வரவேற்கும்.

சாப்பாட்டில் 'சைவம் உண்டு' என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு வாரத்துப் பட்டியலைக் கேளுங்கள். ஏழு நாளும் தோஃபுவும் கீரையும் வந்தால், ரசமும் தயிர்ச்சோறும் சாப்பிட்டுப் பழகியவர் மூன்றாம் நாளே தட்டைத் தள்ளிவிடுவார். வீட்டுச் சாப்பாடு கொண்டுவரலாமா, மசித்த உணவு சாப்பிடுபவருக்கு இட்லியைக் குழைத்துத் தரலாமா? 1948இல் தொடங்கிய ஸ்ரீ நாராயண மிஷன் ஈசூனில் நடத்தும் இல்லத்தை நம்மவர்கள் பலர் முதலில் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எல்லா இனத்தவரையும் ஏற்கும் இல்லம் அது. அங்கே இடமில்லை என்றால் மற்ற இல்லங்களில் இந்திய உணவுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பணக்கணக்கு

மாதச் செலவு என்பது அடிப்படைக் கட்டணத்தில் மானியத்தைக் கழித்து, கூடுதல் செலவுகளைக் கூட்டி வருவது. பலர் கூடுதலை மறந்துவிடுகிறார்கள். டயாப்பர், குழாய்வழிப் பால், மருந்து, புண்ணுக்குக் கட்டுப்போடுதல், மருத்துவமனைச் சந்திப்புக்கு வண்டியும் துணையாளும் தனித்தனியாக விலைபோடப்படலாம். உங்கள் பெற்றோரின் நிலையில் உள்ள ஒருவருக்குப் போன மாதம் வந்த கட்டண விவரத்தை, பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

மானியம், ஒரே அடையாள அட்டை முகவரியில் வசிக்கும் குடும்பத்தாரின் மொத்த மாத வருமானத்தைத் தலைக்கு வகுத்துக் கணக்கிடப்படுகிறது. மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகளோடு தாயார் இருக்கிறார், வீட்டு வருமானம் 12,000 வெள்ளி என்றால் தலைக்கு 2,400 வெள்ளி. வருமானமே இல்லாத வீட்டில் சொத்தின் ஆண்டு மதிப்பைப் பார்ப்பார்கள். குடிமக்களுக்கான உச்ச மானியம் நீண்டகாலமாக 75 விழுக்காடாக இருந்தது, 2026 ஜூலையிலிருந்து உயர்த்தப்படும் என்று 2025இல் அறிவிக்கப்பட்டது. நிரந்தரவாசிகளுக்குக் குறைவு. இந்தியாவிலிருந்து நீண்டகால வருகை அனுமதியில் வந்திருக்கும் பெற்றோருக்கு மானியமே இல்லை.

கைகொடுக்கும் திட்டங்கள்:

1. கேர்ஷீல்டு லைஃப், 2020இல் தொடங்கியது. அந்த ஆண்டில் மாதம் 600 வெள்ளியாக இருந்த தொகை ஆண்டுதோறும் கூடிவருகிறது. உடற்குறை நீடிக்கும்வரை கிடைக்கும்.
2. எல்டர்ஷீல்டு, 2002இல் தொடங்கிய பழைய திட்டம். இன்றைய முதியவர்களில் பலர் இதில்தான் இருக்கிறார்கள். மாதம் 300 வெள்ளி ஐந்து ஆண்டுக்கு, அல்லது 400 வெள்ளி ஆறு ஆண்டுக்கு. பிறகு நின்றுவிடும். அது நிற்கும் மாதத்தை நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.
3. மெடிசேவ் கேர், கடுமையான உடற்குறை உள்ளவரின் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து மாதம் 200 வெள்ளி வரை ரொக்கமாக எடுக்கலாம்.
4. எல்டர்ஃபண்டு, காப்புறுதி எதுவும் கைகொடுக்காத குறைந்த வருமானத்தினருக்கு மாதம் 250 வெள்ளி வரை. மானிய இடத்தில் இருந்தும் கட்ட முடியாதவர்களுக்குக் கடைசிக் கைத்தாங்கல் மெடிஃபண்டு.

வீட்டில் பராமரிப்போருக்குத் தரப்படும் மாதாந்தர மானியம், முதியவர் இல்லத்துக்குப் போனதும் நின்றுவிடும். அதையும் வரவில் எழுதிவைத்துக் கணக்கில் தவறுபவர்கள் உண்டு.

உடன்பிறப்புகளில் ஒருவர் மட்டும் செலவைச் சுமப்பது நம் வீடுகளில் அடிக்கடி நடப்பது. 60 வயதைக் கடந்து தம்மைத் தாமே காப்பாற்றிக்கொள்ள முடியாத பெற்றோர், பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரச் சட்டமும் நடுவர் மன்றமும் இருக்கின்றன. சேர்ப்பதற்கு முன்பே யார் எவ்வளவு என்று எழுத்தில் பேசிக்கொண்டால் அங்கே போக வேண்டியிருக்காது.

கையெழுத்துக்கு முன்

ஒப்பந்தத்தில் நான்கு இடங்களை விரலை வைத்துப் படியுங்கள்: கட்டணத்தை உயர்த்த எத்தனை நாள் முன்னறிவிப்பு, வைப்புத்தொகை எப்போது திரும்பும், முதியவர் மருத்துவமனையில் இருக்கும்போது படுக்கையை வைத்திருக்கக் கட்டணம் உண்டா, எத்தனை நாள் வைத்திருப்பார்கள், எந்தக் காரணத்துக்காக இல்லம் அவரை வெளியேற்றலாம்.

அதைவிட அவசரமானது எல்பிஏ எனப்படும் நீடித்த அதிகாரப் பத்திரம். தம்மால் முடிவெடுக்க முடியாத காலத்தில் யார் முடிவெடுக்கலாம் என்பதை ஒருவர் முன்கூட்டியே நியமிக்கும் ஆவணம் இது. மனம் தெளிவாக இருக்கும்போதுதான் எழுத முடியும். டிமென்ஷியா முற்றியபின் குடும்பத்தார் நீதிமன்றத்தில் துணைப் பொறுப்பாளராக விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் பணமும் மாதங்களும் ஆகும். அதுவரை அப்பாவின் வங்கிக் கணக்கில் பணம் இருந்தும் அவருடைய இல்லக் கட்டணத்துக்கு எடுக்க முடியாது.

சேர்த்த பிறகு

முதல் ஆறு வாரங்கள் கடினம். "வீட்டுக்குக் கூட்டிப்போ" என்று அழுவது எந்த நல்ல இல்லத்திலும் நடக்கும், அதை வைத்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். பாருங்கள்: எடை குறைகிறதா, புதிய காயமோ புண்ணோ உண்டா, பகலெல்லாம் தூங்குகிறாரா, மருந்து கூடியிருக்கிறதா, விழுந்தால் அன்றே உங்களுக்குச் சொல்கிறார்களா. வேறு வேறு நேரங்களில் போய்ப் பாருங்கள். பராமரிப்புத் திட்டத்தைப் பற்றிய சந்திப்பை நீங்களே கேட்டு வாங்குங்கள்.

குறை இருந்தால் முதலில் தளத்தின் தாதி மேலாளர், பிறகு இல்ல நிர்வாகம். அப்படியும் நகரவில்லை என்றால் சுகாதார அமைச்சு. ஊழியர்மீது கோபப்பட்டுக் கத்திவிட்டு வருவதால் ஒன்றும் ஆகாது. தேதி, நேரம், நடந்தது, யாரிடம் சொன்னோம், என்ன பதில் என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். வேறு இல்லத்துக்கு மாற்ற விரும்பினாலும் மானிய இடமென்றால் மறுபடி ஏஐசி வழியாகத்தான் போக வேண்டும். புது இடம் உறுதியாகும்வரை பழைய படுக்கையை விட்டுவிடாதீர்கள்.